மனதுக்கு இதமான உடை: தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருநாள் முழுக்க நடந்த பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் புதுக் கால்சட்டை போட்டுக்கொண்டு போனேன். நிற்கும்போது சரியாகத்தான் இருந்தது. உட்கார்ந்ததும் இடுப்புப் பட்டி வயிற்றைக் கவ்வியது. பத்து மணிக்கு லேசான எரிச்சல். பன்னிரண்டு மணிக்குப் பக்கத்தில் இருந்தவர் பேனாவைத் தட்டும் சத்தமே தாங்கவில்லை. மூன்று மணிக்கு யாரோ கேட்ட நல்ல கேள்விக்கு வெடுக்கென்று பதில் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றி, வயிற்றில் சிவப்பாகப் பதிந்திருந்த கோட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அன்றைய கோபத்தில் பாதி அந்தப் பட்டியால் வந்தது. அதுவரை வகுப்பின் மீதும் ஆட்கள் மீதும் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

உடையையும் மனதையும் பற்றிப் பேச்சு எடுத்தாலே, பளிச்சென்று உடுத்துங்கள், தன்னம்பிக்கை தானாக வரும் என்ற அறிவுரைதான் முதலில் வரும். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சந்தோஷம் தரும் உடையைத் தேடுவதற்கு முன், தினமும் சத்தமில்லாமல் நம்மை வாட்டுகிற உடையை விலக்குங்கள். பலன் அதில்தான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது: முதலில் கவனிப்பது, பிறகு கழிப்பது, அதற்கப்புறம்தான் சேர்ப்பது.

உடை மனதைத் தொடும் வழிகள்

முதல் வழி தோல். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரும். அதில் பெரும்பகுதியை நாள் முழுக்கத் துணி தொட்டுக்கொண்டே இருக்கிறது. சட்டை போட்ட சில நிமிடங்களில் அதை மறந்துவிடுகிறோம், ஏனென்றால் தொடு உணர்வு நரம்புகளில் பல, மாற்றம் இல்லாத தொடுதலுக்குச் சீக்கிரம் பழகிவிடும். ஆனால் குத்துகிற லேபிளுக்கும் ஏறி இறங்கும் பட்டிக்கும் அவை பழகுவதில்லை. நாம் அசையும்போதெல்லாம் அந்தக் குத்தல் புதிதாக வந்து சேர்கிறது. இதற்கு நேர் எதிரான ஒன்றும் தோலில் உண்டு. ரோமம் உள்ள தோலில் இருக்கும் ஒருவகை மெல்லிய நரம்பு இழைகள், நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெல்ல வருடும்போதுதான் நன்றாக விழிக்கின்றன. குழந்தையை வருடும்போது நம் கை தானாகப் பிடிக்கும் வேகம் அது. தொடுதலோடு இதமும் எரிச்சலும் சேர்ந்தே வருவது உடம்பின் அமைப்பு.

இரண்டாவது வழி, அந்த உடைக்கு நாம் கொடுத்து வைத்திருக்கும் பொருள். ஒருவரது 'நான்' என்பதில் அவரது உடம்போடு உடையும் சேர்த்தி என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890லேயே எழுதினார். 2012ல் ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரே வெள்ளைக் கோட்டைச் சிலரிடம் மருத்துவர் கோட்டு என்று சொல்லியும், சிலரிடம் ஓவியர் கோட்டு என்று சொல்லியும் போட வைத்தார்கள். மருத்துவர் கோட்டு என்று நம்பிப் போட்டவர்கள் கவனத்தைச் சோதிக்கும் வேலையில் முந்தினார்கள். துணி ஒன்றுதான், பெயர்தான் வேறு. இந்த ஆய்வைப் பற்றிப் பேசும் பலர் அடுத்த பகுதியைச் சொல்வதில்லை. இதே ஆய்வின் முதல் சோதனை, கோட்டு போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டது. 2019ல் வேறொரு குழு அதை அப்படியே திரும்பச் செய்து பார்த்தது. அந்த விளைவு கிடைக்கவில்லை. அதன் பிறகு இத்துறை ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்ததில், பிற்காலத்து ஆய்வுகள் அடிப்படைக் கருத்துக்கு ஓரளவு வலு சேர்க்கின்றன. ஆகவே உடை மனதைத் தொடுகிறது என்று நம்பலாம், ஒரு கோட்டு மூளையையே மாற்றிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாவது வழி, அடுத்தவர் பார்வை குறித்த நம் பயம். அது பெரிய விஷயம். பின்னால் தனியாகவே வருகிறது.

படி 1: இரண்டு வாரம் குறித்து வையுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும், செல்போனிலும் குறிக்கலாம். காலையில் உடுத்துவதற்கு முன்பே மனம் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். இதைத் தவறவிட வேண்டாம். மனம் சோர்ந்த நாளில் தொளதொளப்பான பழைய துணியை எடுக்கிறோம். மாலையில் சோர்வாக இருந்தால் துணிதான் காரணம் என்று தோன்றிவிடும். எது முந்தியது என்று பிரித்துப் பார்க்க அந்தக் காலை வார்த்தை வேண்டும். முந்தைய இரவு நன்றாகத் தூங்கினீர்களா என்பதையும் குறியுங்கள். தூக்கம் கெட்ட நாளில் எந்தச் சட்டையும் பிடிக்காது.

இரவில் உடை மாற்றும்போது ஒரே ஒரு கேள்வி: இன்று எத்தனை தடவை இந்த உடை என் நினைவுக்கு வந்தது? இழுத்துவிட்டது, ஏற்றிவிட்டது, செருகிக்கொண்டது, கண்ணாடியில் பின்பக்கம் திரும்பிப் பார்த்தது, பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டது எல்லாம் கணக்கில் சேரும். அழகாக இருந்தேனா என்று கேட்க வேண்டாம். உடம்புக்கும் மனதுக்கும் ஒத்துப்போன உடை, போட்ட பத்து நிமிடத்தில் நினைவிலிருந்து கழன்றுவிடும். சில உடைகள் மட்டும், மாட்டியதும் ஒரு நிமிர்வைத் தந்துவிட்டு மறையும். இந்த இரண்டு வகையும் நல்லவை. நாள் முழுக்க நினைவூட்டிக்கொண்டே இருப்பவைதான் நாம் தேடுகிறவை.

ஒரே நாளை வைத்து எந்த உடையையும் தீர்ப்பு செய்யாதீர்கள். மூன்று தடவை போட்டும் மூன்று தடவையும் தொந்தரவு என்றால் அதை வெளியே எடுத்து வையுங்கள்.

படி 2: உறுத்துவதை எடுங்கள்

கழுத்து லேபிளிலிருந்து தொடங்கலாம். பலரும் கத்தரிக்கோலால் ஒரே வெட்டு வெட்டிவிடுவார்கள். மிஞ்சும் விளிம்பு முன்னைவிட மோசமாகக் குத்தும். நுனி கூரான சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, லேபிளைப் பிடித்திருக்கும் நூலை ஒவ்வொரு தையலாக அறுத்து, முழுசாக உருவி எடுங்கள். ஐந்து நிமிட வேலை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பீரோவில் இருந்த அத்தனைக்கும் இதைச் செய்தேன். இவ்வளவு மலிவான நிம்மதி வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்து உட்கார்ந்து பார்க்கும் சோதனை. கண்ணாடி முன் நிற்கும்போது எல்லா உடையும் நல்லபிள்ளையாகத்தான் இருக்கும். போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். குனிந்து ஷூ லேஸ் கட்டுவதுபோல் செய்யுங்கள். வேகமாகப் பத்து எட்டு நடங்கள். இதில் எங்கேயாவது மூச்சு பிடித்தால், அக்குள் அறுத்தால், முதுகு தெரிகிறதோ என்று கை பின்னால் போனால், அந்த உடை வெளியே எட்டு மணி நேரம் உங்களோடு சண்டை போடும். உள்ளாடைக்கும் இதே சோதனைதான். வெளியே தெரியாத துணிதானே என்று பலர் உள்ளாடையைக் கடைசியில் வைக்கிறார்கள். தோலோடு ஒட்டியிருப்பது அதுதான், அதனால் மாற்றுவதாக இருந்தால் முதலில் மாற்ற வேண்டியதும் அதுதான்.

துணியின் தன்மை பற்றி ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. ஒரே வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும் வைத்தால் பருத்தி இழை தன் எடையில் ஏறத்தாழ 8.5 சதவீதம் அளவுக்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கம்பளி 16 சதவீதம் வரை உறிஞ்சும். பாலியெஸ்டரோ 0.4 சதவீதம்தான். புழுக்கமான நாளில் சாதாரண பாலியெஸ்டர் சட்டை முதுகில் பிசுபிசுவென்று ஒட்டுவதற்குக் காரணம் இதுதான். பாலியெஸ்டர் எல்லாமே கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. விளையாட்டு உடைகளில் இழைகளுக்கு இடையே வியர்வை பரவிச் சீக்கிரம் காயும்படி நெய்திருப்பார்கள். பருத்திக்கும் குறை உண்டு, முழுக்க நனைந்தால் காய நேரம் பிடிக்கும். உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பருத்தி, ஓடி வியர்க்கும் நேரத்துக்கு விளையாட்டுத் துணி என்று பிரித்துக்கொண்டால் பாதி எரிச்சல் குறையும். தொப்புளுக்குக் கீழே அரிப்பும் சிவப்புமாக வந்துகொண்டே இருந்தால் ஜீன்ஸ் பட்டனைச் சந்தேகியுங்கள், அதில் உள்ள நிக்கல் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. புதுத் துணியை ஒருமுறை அலசிப் போட்டுப் பாருங்கள், கடை மொடமொடப்பு போய்விடும்.

சிலருக்கு இந்த உறுத்தல் நம்மைப்போல் சின்ன எரிச்சலாக நிற்பதில்லை. ஆட்டிசம் உள்ள பலருக்குத் தொடுதலும் சத்தமும் வெளிச்சமும் பல மடங்காகத் தெரியும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட வரையறையில் இது ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டது. ஆட்டிசம் இல்லாமலும் இப்படி இருப்பவர்கள் உண்டு. காலுறையின் விரல் பக்கத் தையல் குத்துகிறது என்று தினமும் அழும் குழந்தையைப் பிடிவாதம் என்று திட்டாதீர்கள். அந்தக் காலுறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுவிடுங்கள். தையல் வெளியே போய்விடும், அழுகையும் பல நாட்களில் அதோடு போய்விடும்.

படி 3: இன்றைய உடம்புக்கு ஏற்ற அளவு

இந்தப் படிதான் பலருக்குக் கஷ்டம். எனக்கும் இதுதான் அதிக நாள் எடுத்தது.

பீரோவைத் திறந்தால் நான்கு வருடத்துக்கு முந்தைய அளவில் ஏழெட்டு உடைகள் தொங்கும். இளைத்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருப்போம். தினமும் காலையில் பீரோவைத் திறக்கும்போது அவை ஒன்றும் பேசுவதில்லை, ஆனாலும் நமக்குக் கேட்கிறது. நாள் தொடங்குவதற்குள் ஒரு குட்டு வாங்கிக்கொண்டு கிளம்புகிறோம். இளைக்க வேண்டும் என்ற விருப்பம் தவறல்ல. அந்த விருப்பத்துக்கு இந்தத் தொங்கும் துணிகளால் ஒரு உதவியும் இல்லை என்பதுதான் நான் கண்டது.

தூக்கிப் போட வேண்டாம். ஒரு பெட்டியில் மடித்து வையுங்கள், மேலே தேதி எழுதுங்கள், கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். பீரோவில் தொங்குபவை இன்றைக்குப் போட்டால் இன்றைக்குச் சேருகிறவையாக மட்டும் இருக்கட்டும். எண்ணிக்கை குறைந்து பீரோ காலியாகத் தெரியும். அந்தக் காலி இடம் முதல் வாரம் பயமுறுத்தும், பிறகு மூச்சு விட இடம் கிடைத்ததுபோல் இருக்கும்.

லேபிளில் அச்சடித்திருக்கும் அளவு எண்ணை நம்பி மனம் நோகாதீர்கள். ஒரு கம்பெனியின் 34 இன்னொரு கம்பெனியின் 36. உங்கள் இடுப்பையும் மார்பையும் டேப்பால் அளந்து சென்டிமீட்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் உண்மை. கையில் இருக்கும் உடை கொஞ்சம் இறுக்கம் என்றால், உள்பக்கத் தையலில் துணி மிச்சம் விட்டிருக்கிறார்களா என்று திருப்பிப் பாருங்கள். இரண்டு விரல்கடை இருந்தாலே தையல்காரர் பிரித்துத் தளர்த்திக் கொடுத்துவிடுவார்.

இதைப் படிப்பவர்களில் மனநல மருந்து எடுத்துக்கொள்பவர்களும் இருப்பீர்கள். அந்த மருந்துகளில் சிலவற்றால் எடை கூடும். மனம் தேறிவரும் நேரத்தில் பழைய துணி எதுவும் சேராமல் போவது பெரிய அடி. அதனாலேயே மருந்தை நிறுத்திவிட நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள், எடை கூடுவதை மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று வழி இருக்கலாம். அதற்குள் நன்றாகச் சேருகிற இரண்டு கால்சட்டை, மூன்று மேலாடை வாங்கிக்கொள்ளுங்கள். வீண் செலவு என்று நினைக்க வேண்டாம், அதுவும் சிகிச்சையோடு சேர்ந்த செலவுதான். பிள்ளை பெற்றவர்களுக்கும், அறுவை சிகிச்சையிலிருந்து எழுந்தவர்களுக்கும் இதையே சொல்வேன்.

படி 4: கைகொடுக்கும் உடையைக் கண்டுபிடியுங்கள்

கழித்தது போதும், இனிச் சேர்க்கலாம். உங்கள் நோட்டில் ஏதோ ஒரு உடை நல்ல நாட்களோடு திரும்பத் திரும்ப வந்திருக்கும். என்னுடையது சாம்பல் நிறப் பருத்திச் சட்டை ஒன்று. இரண்டு பக்கமும் பை. துவைத்துத் துவைத்து காலர் மடிப்பில் நிறம் வெளுத்துவிட்டது. ஒரு கஷ்டமான பேச்சுவார்த்தைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனேன், நினைத்ததைத் தடுமாறாமல் சொல்லி முடித்தேன். அதிலிருந்து மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டிய நாளில் கை தானாக அதை எடுக்கிறது. அந்தச் சட்டையில் மந்திரம் எதுவும் இல்லை, நான் சமாளித்தேன் என்ற நினைவுதான் அதில் இருக்கிறது. அதனால் அதை எல்லா நாளும் போடுவதில்லை. தினமும் போட்டால் அதுவும் இன்னொரு சட்டை ஆகிவிடும்.

அப்படி ஒன்றும் இல்லை என்பவர்கள் உருவாக்கிக்கொள்ளலாம். பிடித்த, உறுத்தாத உடை ஒன்றை எடுத்து, நன்றாகத் தெரிந்த வேலைக்கு, சிரித்துப் பேசும் நண்பரைப் பார்க்க என்று நான்கைந்து நல்ல நேரங்களில் போடுங்கள். கடினமான நாளுக்கு அதை அதற்குப் பிறகே எடுங்கள். நேர்முகத் தேர்வன்று முதல்முறையாகப் புது உடையைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதில் உங்கள் நினைவு எதுவுமே இருக்காது, எங்கே இறுக்கும் என்பதும் தெரியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கிழியவில்லை, கறை இல்லை, ஆனாலும் போட முடியாத உடை. ஆஸ்பத்திரி வராந்தாவில் விடியவிடியக் காத்திருந்தபோது போட்டிருந்தது, பிரிவின் அன்று போட்டிருந்தது. நல்ல துணி என்பதற்காக அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். வேறு யாருக்காவது கொடுங்கள், அவர்களுக்கு அது வெறும் நல்ல துணி.

மிடுக்கான உடை பற்றியும் ஒரு வார்த்தை. 2015ல் வந்த ஓர் ஆய்வு, முறையான உடையில் இருப்பவர்கள் நுணுக்கங்களில் சிக்காமல் பரந்து யோசிக்கிறார்கள் என்று சொன்னது. அந்த உடை அடுத்தவரிடமிருந்து ஒரு சின்ன இடைவெளியை உண்டாக்குவதை அதற்குக் காரணமாகக் காட்டியது. திட்டம் போடும் கூட்டத்துக்கு அந்த இடைவெளி உதவும். மனம் உடைந்து கிடக்கும் நண்பரின் பக்கத்தில் போய் உட்காரும் நாளில், இஸ்திரி கலையாத சட்டையைவிடக் கசங்கினாலும் பரவாயில்லை என்று தோன்றும் சட்டையே மேல் என்பது என் முடிவு.

படி 5: நிறம்

நீலம் அமைதி, மஞ்சள் மகிழ்ச்சி, சிவப்பு வேகம் என்று போடும் பட்டியல்களை நம்பி வாங்காதீர்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, மல்யுத்தம் போன்ற போட்டிகளில் சிவப்பு உடை கிடைத்தவர்கள் ஏறத்தாழ 55 சதவீதம் வென்றதாக 2005ல் ஓர் ஆய்வு வந்து உலகமெங்கும் பேசப்பட்டது. பிறகு பல ஆண்டுப் போட்டிகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தச் சாதகம் ஏறக்குறைய காணாமல் போய்விட்டது. நிறத்துக்கென்று பொதுவான குணம் இல்லை, உங்களுக்கும் அந்த நிறத்துக்கும் உள்ள பழக்கம்தான் பேசும். கறுப்பில் நிம்மதியாக இருப்பவரை மஞ்சளுக்கு இழுப்பது கொடுமை. நோட்டில் எந்த நிறம் நல்ல நாட்களில் வருகிறதோ அதை முகத்துக்குப் பக்கத்தில், சட்டையிலோ துப்பட்டாவிலோ வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

படி 6: வீட்டில் இருக்கும் நாள்

வீட்டிலிருந்தே வேலை செய்வது பெருகிய கொரோனா காலத்தில், சிட்னியில் உள்ள ஆய்வு நிறுவனங்களின் ஊழியர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 2020ல் வெளியானது. பகலிலும் பைஜாமாவிலேயே இருந்தவர்களில் 59 சதவீதம் பேர் மனநலம் மோசமானதாகச் சொன்னார்கள், மாற்றிக்கொண்டவர்களில் 26 சதவீதம் பேர். வேலைத் திறனில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. பைஜாமாதான் மனதைக் கெடுத்தது என்று இதிலிருந்து சொல்ல முடியாது, மனம் கெட்டதால் மாற்றத் தோன்றாமல் இருந்திருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் என்றே எனக்குப் படுகிறது. நாம் கைவைக்கக்கூடிய முனை உடைதான், அதனால் அங்கே கைவைக்கலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவே: தூங்கும் உடை வேறு, பகல் உடை வேறு. பகல் உடை வெளியே போகும் தரத்தில் இருக்க வேண்டியதில்லை. பழைய பருத்திச் சட்டையாக இருக்கலாம், ஆனால் இரவில் போட்டதாக இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் மறுபடி மாற்றுங்கள். வெளியே போய்வருபவர்களுக்கு வீடு திரும்பும் வழி ஒரு இடைவெளியைத் தருகிறது. வீட்டிலேயே இருப்பவர்களுக்கு அந்த உடை மாற்றும் இரண்டு நிமிடம்தான் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள கதவு.

படி 7: எழவே முடியாத நாளுக்காக ஒரு செட்

மனச்சோர்வின் நடுவில் ஒரு காலம் இருந்தேன். ஒரே டி-ஷர்ட், கழுத்து தொங்கிப்போனது, இடது தோளில் பேனா மைக் கறை. மூன்று நாள், நான்கு நாள் அதுவே. அழுக்கு தெரியாமல் இல்லை. பீரோ வரை போவது, திறப்பது, தேர்ந்தெடுப்பது, சேருமா என்று யோசிப்பது, ஒவ்வொன்றும் ஒரு மலை. அந்த நாட்களில் 'நல்லா டிரஸ் பண்ணு, மனசு சரியாகும்' என்று யாராவது சொன்னால் இன்னும் சுருங்கிப்போவேன்.

எனக்கு உதவியது, கொஞ்சம் தெம்பாக இருந்த ஒரு நாளில் நானே எனக்காகச் செய்து வைத்த ஏற்பாடு. பட்டன் இல்லாத மேலாடை, எலாஸ்டிக் வைத்த கால்சட்டை, சுத்தமான உள்ளாடை, காலுறை. நான்கையும் ஒன்றாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன். அப்படி மூன்று சுருள். மோசமான நாளில் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை, கை நீட்டி எடுத்தால் போதும். உட்கார்ந்தபடியே மாற்றலாம். குளிக்க முடியவில்லை என்றால் ஈரத் துண்டால் முகம், கழுத்து, அக்குள் துடைத்துவிட்டு மாற்றலாம். அதுவும் முடியவில்லை என்றால் காலுறையை மட்டும் மாற்றலாம், அன்றைக்கு அது கணக்குதான்.

மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சைகளில் இதற்கு நெருக்கமான ஒரு முறை உண்டு. மனம் வரட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்யக்கூடிய மிகச் சின்னச் செயலை முதலில் செய்வது. மனம் பின்னால் வந்து சேர இடம் கொடுப்பது. உடை மாற்றுவது அப்படிப்பட்ட ஒரு சின்னச் செயல். உங்கள் வீட்டில் யாராவது இந்த நிலையில் இருந்தால், சுருளை நீங்கள் தயார் செய்து பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுங்கள்.

ஆனால் உடை மருந்தல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடு இல்லாமல், தூக்கமும் பசியும் மாறி, தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாமல் போனால் மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். உடம்பில் ஒரு குறை இருப்பதாக மணிக்கணக்கில் கண்ணாடி பார்ப்பது, அதை மறைக்கவே உடுத்துவது, அதற்காக வெளியே போவதையே விடுவது, இவற்றுக்கும் சிகிச்சை உண்டு.

படி 8: அடுத்தவர் பார்வை

கறை பட்ட சட்டையோடு கூட்டத்துக்குள் போகும்போது அத்தனை கண்ணும் அந்தக் கறையில் இருப்பதாகத் தோன்றும். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2000ல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களை ஒரு பாடகரின் படம் போட்ட, போடவே கூச்சப்படும் டி-ஷர்ட்டை மாட்டச் செய்து அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் சொன்னார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். இதை நான் கறை பட்ட நாளில் எல்லாம் நினைத்துக்கொள்கிறேன்: நான் நினைப்பதில் பாதி.

ஆனால் பார்வையின் பாரம் எல்லாருக்கும் ஒன்றுபோல் இல்லை. 1998ல் ஒரு ஆய்வில், தனி அறையில், யாரும் பார்க்காதபோது சிலரை நீச்சல் உடையும் சிலரை ஸ்வெட்டரும் போட வைத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். நீச்சல் உடை போட்ட பெண்கள் ஸ்வெட்டர் போட்ட பெண்களைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்தார்கள். ஆண்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. அறையில் யாருமே இல்லை என்பதைக் கவனியுங்கள். வருடக்கணக்கில் பார்க்கப்பட்டுப் பார்க்கப்பட்டு, அந்தப் பார்வை உள்ளேயே குடிவந்துவிட்டது. மூளை வேலை செய்ய வேண்டிய நேரத்தில் ஒரு பங்கு கவனம் 'எப்படித் தெரிகிறேன்' என்பதற்குப் போய்விடுகிறது. தேர்வு எழுதும் பெண்ணிடம் அவளுக்கு எது வசதியோ அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எது போட வேண்டும் என்று அவளுக்கு வகுப்பெடுக்காதீர்கள்.

படி 9: இரவே எடுத்து வையுங்கள்

முன்னாள் அமெரிக்க அதிபர் ஒபாமா சாம்பல் அல்லது நீல சூட் மட்டுமே போடுவதாகவும், முடிவுகளைக் குறைக்கவே அப்படி என்றும் 2012ல் சொன்னார். சின்ன முடிவுகள் மனவலிமையைத் தின்றுவிடும் என்ற கொள்கையை அதற்குப் பின் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து சோதித்தபோது அது பெரிதாக நிற்கவில்லை. இருந்தாலும் காலைப் பரபரப்பில் சட்டை தேடாமல் இருப்பது நல்லதுதான். முந்தைய இரவு உள்ளாடையிலிருந்து கைக்குட்டை வரை ஒரே ஹேங்கரில் மாட்டி வையுங்கள். பட்டன் போயிருந்தால் இரவே தெரிந்துவிடும்.

புதிதாக வாங்குவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மனம் சரியில்லாத நாளில் வாங்காதீர்கள். பிடித்ததைக் குறித்து வைத்து ஒரு வாரம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள்.

விட்டுப் போனவர்களின் உடைகள்

இதற்கு எண் போட மனம் வரவில்லை. எல்லாரும் எப்போதாவது இங்கே வந்து நிற்கிறோம்.

அப்பா போன பிறகு அவர் சட்டைகளை என்ன செய்வது என்று வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். உடனே கொடுத்துவிட வேண்டும் என்று ஒருவர், எதையும் தொடக் கூடாது என்று ஒருவர். அவசரப்படாதீர்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடியது. வாசனை சாதாரண விஷயம் அல்ல. 2018ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 96 பெண்களிடம் சட்டைகளை முகரக் கொடுத்தார்கள். துணைவரின் சட்டையை முகர்ந்தவர்களுக்கு மன அழுத்தம் குறைவாகத் தெரிந்தது. முன்பின் தெரியாதவரின் சட்டையை முகர்ந்தவர்களுக்குக் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது. இறந்தவரின் சட்டையை முகத்தில் புதைத்துக்கொண்டு அழுபவருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, உடம்பு தனக்குத் தெரிந்த ஆறுதலைத் தேடுகிறது.

துவைக்காத ஒன்றை மட்டும் தனியாக எடுத்து, காற்றுப் புகாத பையில் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். துணியில் ஈரம் இருக்கக் கூடாது, பூஞ்சை பிடித்துவிடும். திறக்கும் ஒவ்வொரு முறையும் வாசனை கொஞ்சம் போகும். அதைத் தெரிந்துகொண்டு திறங்கள். மற்றவற்றைத் துவைத்து வையுங்கள், யாருக்கு என்று மனம் தானாகச் சொல்லும்வரை. சிலர் நான்கைந்து சட்டைகளைச் சேர்த்துத் தலையணை உறையாகத் தைத்துக்கொள்கிறார்கள்.

நான் இரண்டு வைத்துக்கொண்டேன். பையில் இருப்பதை வருடத்தில் ஒருமுறை திறக்கிறேன். துவைத்து வைத்த கோடுபோட்ட சட்டை எனக்குத் தோளில் கொஞ்சம் பெரிது; கையை இரண்டு மடிப்பு மடித்து, மழை பெய்யும் விடுமுறை நாட்களில் போட்டுக்கொள்கிறேன்.